இறந்து பிறந்த குழந்தையின் நினைவாக எதையெல்லாம் எடுத்து வைக்கலாம், எப்படி?

கேள்வி இது: "அண்ணிக்கு எட்டாம் மாதம். நேற்று ஸ்கேனில் குழந்தைக்குத் துடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாளை அட்மிட் செய்து வலி வர மருந்து வைக்கப் போகிறார்கள். குழந்தையை அவரிடம் காட்டவே வேண்டாம், எதையும் வீட்டுக்குக் கொண்டுவரவும் வேண்டாம் என்கிறார் அம்மா. அண்ணியோ என்னைத் தனியாகக் கூப்பிட்டு, 'கால் ரேகையாவது எடுத்துக் கொடு' என்கிறார். என்னென்ன செய்யலாம்? அம்மாவுக்கும் எனக்கு முன்னால் ஒரு குழந்தை பிறந்து இறந்ததாம். அவரிடம் அதன் நினைவாக ஒன்றுமே இல்லை. அவருக்கும் ஏதாவது செய்ய முடியுமா?"

பிரசவ வார்டிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் நெடுங்காலம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். உங்களுக்கு நேரம் குறைவு என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எடுத்து வைப்பது வேறு, எடுத்துப் பார்ப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வீடுகளில் சண்டை வருகிறது. பாத ரேகை, முடி, போட்டோ எல்லாவற்றுக்கும் அடக்கம் வரைக்கும்தான் நேரம். நம் ஊரில் அது பெரும்பாலும் அன்றைக்கே முடிந்துவிடும். எடுத்ததைப் பார்ப்பதா வேண்டாமா என்று யோசிக்க அண்ணிக்கு ஆயுள் முழுக்க இருக்கிறது. ஒரு உறையில் போட்டு ஒட்டி பீரோவில் வைத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. எடுக்காமல் விட்டுவிட்டால், பிறகு அவர் கேட்கும்போது கொடுக்க ஒன்றும் இருக்காது. அதிலும் உங்கள் அண்ணி வாய்விட்டே கேட்டிருக்கிறார். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது?

காட்டலாமா என்பதில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். இதில் மருத்துவ உலகமே ஒரு பக்கமாக நின்றதில்லை. ஸ்வீடனில் நடந்து 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், விரும்பிய அளவு நேரம் குழந்தையுடன் இருக்க முடியாமல் போன தாய்மாரிடமும், நினைவுப் பொருள் எதுவும் இல்லாதவர்களிடமும் மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாக இருந்தன. 2002-ல் பிரிட்டனில் வெளியான சிறிய ஆய்வு ஒன்று நேர்மாறாக, இறந்த குழந்தையைக் கையில் வாங்கிய தாய்மார் அடுத்த கர்ப்பத்தில் அதிகம் வாடினார்கள் என்றது. பின்னர் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்து இன்று பெரும்பாலோர் சொல்வது இதுதான்: தாயிடம் கேளுங்கள், வற்புறுத்தாதீர்கள், தடுக்கவும் செய்யாதீர்கள். "இப்ப வேண்டாம்" என்று சொன்னவர் ஒரு மணி நேரம் கழித்து "கொண்டு வாங்க" என்பார். ஆகவே இரண்டு மூன்று முறை கேளுங்கள்.

இன்றைக்கே தயார் செய்து கொள்ளுங்கள். ஒரு புது ஸ்டாம்ப் பேட், கறுப்பு மை. வழவழப்பில்லாத கெட்டி வெள்ளை அட்டை நாலைந்து, உள்ளங்கை அளவுக்கு வெட்டியது. நகம் வெட்டும் சிறிய கத்தரி. பஞ்சு, தேங்காய் எண்ணெய். ஜிப் வைத்த கவர் இரண்டு. நம் வீடுகளில் குழந்தை பிறக்குமுன் புதுத்துணி வாங்கி வைக்க மாட்டார்கள், அதனால் போர்த்தக்கூட ஒன்றும் இருக்காது. அண்ணி உடுத்தி மெத்தென்று ஆன பழைய காட்டன் புடவை ஒன்றை எடுத்து இரண்டாகக் கிழியுங்கள். ஒன்றைச் சுற்றிக் குழந்தையை அனுப்புங்கள். மற்றதைக் கொஞ்ச நேரம் குழந்தை மேல் போர்த்தியிருந்துவிட்டு, துவைக்காமல் கவரில் போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அரைஞாண் கயிற்றிலும் இதையே செய்யலாம்: ஒரே கறுப்புக் கயிற்றில் பாதியைக் குழந்தைக்குக் கட்டி, மீதியை வைத்துக் கொள்வது. மறுபாதி குழந்தையிடம் இருக்கிறது என்ற நினைப்பைப் பற்றிக்கொண்டு நாட்களைத் தள்ளிய தாய்மாரைப் பார்த்திருக்கிறேன்.

வலி எடுக்கும் முன்பே லேபர் வார்டு சிஸ்டரிடம் சொல்லி வையுங்கள். பல ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தையின் பாதத்தை மை தடவி கேஸ் ஷீட்டில் பதிவது வழக்கம்தான். அதே கையோடு உங்கள் அட்டையிலும் பதித்துத் தரச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். "அவுங்க அழுவாங்க, எதுக்குக் கேட்டுக்கிட்டு" என்று நர்ஸ் ஒதுங்குவார். "அவங்களா கொடுத்தா வாங்கிக்கலாம்" என்று வீட்டார் ஒதுங்குவார்கள். இதற்கிடையில் குழந்தை அடக்கமாகிவிடும். நினைவுப் பொருள் எடுத்துத் தரும் வழக்கத்தில் மற்ற நாடுகள் கொஞ்சம் முன்னால் போய்விட்டன. பிரிட்டனில் பல மருத்துவமனைகள் தாமே ஒரு நினைவுப் பெட்டியைக் கையில் கொடுக்கின்றன. உடல் கெடாமல் ஓரிரு நாள் தாயுடன் வைத்திருக்கக் குளிரூட்டும் தொட்டிலும் அங்கே உண்டு. அமெரிக்காவில் 2005-ல் தொடங்கிய 'நவ் ஐ லே மீ டவுன் டு ஸ்லீப்' என்ற அமைப்பின் போட்டோகிராபர்கள் ஒரு பைசா வாங்காமல் மருத்துவமனைக்கே வந்து படம் எடுத்துத் தருகிறார்கள். இங்கே நாமாகக் கேட்டால்தான் உண்டு.

அடுத்தது சொல்லக் கஷ்டமான விஷயம், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். துடிப்பு நின்று ஓரிரு நாள் வயிற்றில் இருந்த குழந்தைக்குத் தோல் அங்கங்கே உரிந்திருக்கலாம். உதடு கருஞ்சிவப்பாக இருக்கும். மண்டை எலும்புகள் தளர்ந்து தலை சற்று வடிவம் மாறியிருக்கும். உடம்பு துவண்டிருக்கும், தலையைத் தாங்கித்தான் பிடிக்க வேண்டும். அண்ணியிடம் கொடுக்கும் முன் நீங்களோ அண்ணனோ ஒருமுறை பார்த்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று மெதுவாகச் சொல்லுங்கள். குல்லா போட்டு, துணியில் நன்றாகச் சுற்றி, முகமும் கையும் மட்டும் தெரிகிற மாதிரிக் கொடுங்கள். "அண்ணன் மாதிரியே மூக்கு" என்று வாயில் வந்தால் அடக்க வேண்டாம். தாய்க்கு அது தேவை.

இனி பாத ரேகை. பாதத்தில் ஈரமோ வெள்ளை மாவோ இருந்தால் உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பாதத்தை மைப்பெட்டியில் வைத்து அழுத்தக் கூடாது. பெட்டியைக் கையில் எடுத்துப் பாதத்தில் ஒத்தி ஒத்தி எடுக்க வேண்டும். அட்டைக்கு அடியில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்து, அட்டையைப் பாதத்துக்குக் கொண்டு போங்கள். குதிகாலில் தொடங்கி விரல் வரைக்கும் உருட்டுகிற மாதிரி ஒரே தடவை, அவ்வளவுதான். முதல் அட்டையில் மை அப்பிக்கொண்டு வெறும் கறுப்புத் திட்டாகத்தான் வரும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மறுபடி மை தொடாமல் இரண்டாவது, மூன்றாவது அட்டையில் பதியுங்கள்; அதில்தான் கோடு கோடாக ரேகையும் ஐந்து விரல் நுனியும் தெளிவாக வரும். நல்லதாக இரண்டு ஜோடி எடுத்து, ஒன்றை அண்ணனிடம் தனியாகக் கொடுங்கள். ஃபாரத்துக்கும் வண்டிக்கும் ஓடிக்கொண்டிருப்பதால் அப்பாவை எல்லோரும் மறந்துவிடுவார்கள். பாதத்து மையைத் தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம்.

கை கடினம். விரல்கள் மடங்கியிருக்கும். புறங்கையை மெல்ல வருடிக் கொடுத்தால் சில நேரம் விரியும், விரியாவிட்டால் விட்டுவிடுங்கள். தோல் உரியும் நிலையில் இருந்தால் மையே வேண்டாம், பாதத்தை அண்ணியின் உள்ளங்கையில் வைத்துப் பக்கத்திலிருந்து போட்டோ எடுங்கள். அளவு தெரிய அவரது மோதிரம் அருகில் இருந்தாலே போதும்.

கை, கால் அச்சு எடுத்து பிளாஸ்டரில் வார்த்துத் தருகிறவர்கள் இப்போது நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் உயிருள்ள குழந்தைகளுக்காகச் செய்கிறவர்கள், கேட்டால் சிலர் வருவார்கள். பல் டாக்டர் அளவெடுக்கப் பயன்படுத்துகிற ஆல்ஜினேட் பவுடர்தான் இதற்கும். தண்ணீரில் கரைத்துக் காலை வைத்தால் சில நிமிடத்தில் ரப்பர் மாதிரி உறையும். அந்த அச்சு காயக் காயச் சுருங்கும், அதனால் அங்கேயே பிளாஸ்டர் ஊற்றச் சொல்லுங்கள், 'கடைக்குப் போய்ச் செய்கிறேன்' என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். தோல் பலவீனமாக இருந்தால் இதையும் தவிர்க்க வேண்டியதுதான்.

முடி எடுப்பதானால் பிடரிப் பக்கம், வெளியே தெரியாத இடத்தில், சிறு கற்றை. அண்ணியையும் அண்ணனையும் கேட்காமல் கத்தரி வைக்காதீர்கள். முதல் முடி குலதெய்வத்துக்கு என்று நினைக்கிற குடும்பமாக இருக்கலாம். வெள்ளைக் காகிதத்தில் மடித்துத் தேதி எழுதுங்கள். ஈரம் கோத்துக்கொள்ளும் என்பதால் முடியை நேராக பிளாஸ்டிக்கில் வைக்க வேண்டாம். பின்னால் மனசு வந்தால் வெள்ளித் தாயத்துக் குப்பி ஒன்று வாங்கி அதில் வைக்கலாம். காய்ந்து விழுந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துப் பிள்ளைக்குக் கட்டுகிறவர்கள்தானே நாம். முடியைக் கண்ணாடி மாதிரிப் பிசினுக்குள் பதித்துத் தருகிற ரெசின் டாலர்களைவிட எனக்கு இது பிடிக்கும். ரெசின் வருடம் போகப் போக மஞ்சளடிக்கும். அப்படியும் செய்வதானால், இருக்கிற முடி முழுவதையும் கூரியரில் அனுப்பிவிடாமல் பாதியை வீட்டில் வைத்துக் கொள்ளுங்கள்.

போட்டோவுக்கு ஜன்னல் பக்கத்து வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். முகம் மட்டும் எடுத்து நிறுத்தாமல் காது, விரல், சுருண்ட கால், அம்மாவின் விரலைப் பிடித்த கை என்று எடுங்கள். அம்மா, அப்பா இருவரும் குழந்தையுடன் இருக்கிற ஒரு படமாவது வேண்டும். நிறம் மாறியிருப்பது உறுத்தினால் பிரிண்ட் போடும்போது கறுப்பு வெள்ளையாக மாற்றிக் கொள்ளலாம், ஆனால் கலர் ஃபைலை அழிக்காதீர்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் தரம் குறைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஒரு பென்டிரைவில் ஏற்றி உறையோடு வையுங்கள். கூகுள் போட்டோஸ் தானாகவே ஒருநாள் அந்தப் படத்தை முன்னால் கொண்டுவந்து நீட்டும். குறிப்பிட்ட தேதிகளை நினைவூட்டலில் வராமல் மறைக்கும் வசதி அதிலேயே உண்டு, அதைச் செய்து வையுங்கள். எந்தச் சொந்தக்காரருக்கும் படத்தை அனுப்பாதீர்கள். இன்னொன்று: "அவ பார்த்தா தாங்க மாட்டா" என்று மாமாவோ சித்தியோ போனில் இருப்பதை அழித்துவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த விபத்து. கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஆனால் அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. சில முஸ்லிம் குடும்பங்களில் போட்டோ எடுப்பதை விரும்ப மாட்டார்கள். அவர்களுக்குக் குல்லா, துணி, பாத ரேகை போதும்.

ஆஸ்பத்திரியில் குப்பைக்குப் போகிறவற்றைக் கேட்டு வாங்குங்கள். குழந்தையின் கையிலோ காலிலோ கட்டிய 'பேபி ஆஃப்' என்று அண்ணி பெயர் எழுதிய பட்டை, எடை எழுதிய சீட்டு, குல்லா. எடையையும் நீளத்தையும் பிறந்த நேரத்தையும் நீங்களே ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள்.

அண்ணிக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்திருந்தால் கையில் அந்தக் கண்ணாடி வளையல்கள் இன்னும் இருக்கும். லேபர் வார்டில் கழற்றச் சொல்வார்கள். பிரசவம் பார்த்தவருக்கோ ஆயாம்மாவுக்கோ அதைக் கொடுத்துவிடும் பழக்கம் உண்டு. இந்த மாதிரி நேரத்தில் "ஆகாது" என்று தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. நாலு வளையலாவது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். குழந்தை உயிரோடு இருந்தபோது கேட்டிருக்கக்கூடிய சத்தம் அது.

ஸ்கேன் படங்களைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. சின்னச் சுருளாக வரும் அந்தப் பளபளப்புத் தாள் வெப்பத்தில் அச்சாகிறது. வெயிலிலும் சூட்டிலும் மங்கிக்கொண்டே போகும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்தால் அந்தச் சூட்டில் மொத்தமும் கறுத்துவிடும். முதலில் போனில் தெளிவாகப் படம் எடுத்து, நல்ல பிரிண்ட் ஒன்று போட்டுவிடுங்கள். முன்பு ஏதாவது செக்கப்பில் வயிற்றில் பெல்ட் கட்டித் துடிப்பைப் பதிவு செய்திருந்தால், அந்த நீளத் தாளில் இருக்கும் ஏற்ற இறக்கக் கோடு குழந்தையின் இதயத் துடிப்பேதான். அதற்கும் ஒரு நகல் கேளுங்கள்.

இவ்வளவையும் செய்ய முடியவில்லை என்றாலும் கவலை வேண்டாம். லேபர் வார்டில் நாம் நினைத்தபடி எதுவும் நடக்காது. பாத ரேகை, ஒரு போட்டோ, போர்த்திய துணி. இந்த மூன்றும் கிடைத்தால் போதும்.

அடக்கம் பற்றி ஒரு வார்த்தை. "ஆஸ்பத்திரியே பார்த்துக்கட்டும்" என்று கையெழுத்துப் போடும் முன் அண்ணியிடம் கேளுங்கள். எட்டு மாதக் குழந்தையை நீங்களே வாங்கி அடக்கம் செய்யலாம். பெண்கள் மயானத்துக்குப் போவது நம்மில் அரிது, தாயோ படுக்கையில் இருப்பார். கடைசியில் எங்கே புதைத்தார்கள் என்பதே அவருக்குத் தெரியாமல் போகும். போகிற ஆண்களில் ஒருவர் இடத்தைப் போட்டோ எடுத்து, பக்கத்து மரம், சுவர் என்று அடையாளம் குறித்து, போனில் லொகேஷனையும் சேமிக்கட்டும். மயான ரசீதையும் கிழித்துப் போட வேண்டாம். இறந்து பிறந்த குழந்தையையும் 1969-ம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டும், அதற்குத் தனிப் படிவம் உண்டு. ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே அனுப்புவார்கள். போய்விட்டதா என்று மட்டும் கேட்டுக் கொள்ளுங்கள். ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்ல 1994-ம் ஆண்டுச் சட்டம் இங்கே அனுமதிப்பதில்லை என்பதால், அது அண்ணிக்குத் தெரிவதே பிரசவத்தில்தான். யாரும் மறைக்காமல் சொல்லுங்கள். மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தார் என்றால் பாத அட்டையில் அந்தப் பெயரையே எழுதுங்கள்.

பால் விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இரண்டு மூன்று நாளில் பால் சுரந்து மார்பு கட்டிக்கொள்ளும். பால் நிறுத்தும் மாத்திரை பற்றிப் பிரசவமான அன்றே டாக்டரிடம் கேளுங்கள். பிரஷர் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மல்லிகைப் பூ வைத்துக் கட்டுவது வெறும் பாட்டி வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பால் கட்டுவதைக் குறைப்பதில் மல்லிகையும் ஈடாக இருந்தது என்று 1988-ல் எழுதியிருக்கிறார்கள். சில தாய்மார் பாலை நிறுத்தாமல் தாய்ப்பால் வங்கிக்குக் கொடுத்து, அதையே தன் குழந்தையின் பெயரால் செய்ததாக வைத்துக்கொள்கிறார்கள். ரத்தப் பரிசோதனை செய்துதான் வாங்குவார்கள். இது அவராகக் கேட்டால் மட்டும்.

எல்லாம் வைக்க ஒரு மூடியுள்ள டப்பா, தகரமோ மரமோ. பாச்சை உருண்டை போடவே கூடாது. துணியில் ஒட்டியிருக்கும் வாசனை முழுக்கப் போய்விடும். காய்ந்த வேப்பிலையைத் தனியாக ஒரு துணியில் முடிந்து ஓரத்தில் வைத்தால் பூச்சி அண்டாது. மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா பொட்டலம் ஈரத்துக்கு நல்லது. மரம் நட்டு வளர்க்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சொந்த நிலமிருந்தால் வேம்போ புங்கையோ நடுங்கள். வாடகை வீட்டுத் தொட்டியில் ரோஜா வேண்டாம், அது பட்டுப்போகிற அன்று அந்தத் தாயைச் சமாதானம் செய்ய முடியாது.

இனி உங்கள் அம்மா. "செத்த பிள்ளை சாமானை வீட்டில் வைக்கக் கூடாது" என்பார் என்று நினைக்கிறேன். அது ஒரு வழக்கம்தான், நம் ஒரே வழக்கம் அல்ல. தென் மாவட்டங்களில் சின்ன வயதில் இறந்த பெண் பிள்ளைக்குப் பாவாடை சட்டை எடுத்து, ஓலைப் பெட்டியில் வைத்து, வீட்டுக் கன்னியாகக் கும்பிடுகிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. வீட்டில் வைக்க அம்மா கடைசிவரை ஒப்பவில்லையா, சரி, டப்பா உங்கள் வீட்டில் இருக்கட்டும். அண்ணிக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

ஆனால் அவரை இதில் தடையாக மட்டும் பார்க்காதீர்கள். அவருக்கும் அன்று யாரோ "காட்டாதே, மறந்துடுவா" என்றுதான் முடிவு செய்திருப்பார்கள். இன்று அதையே மருமகளுக்குச் சொல்கிறார். தனியாக உட்கார்ந்து, "உனக்கு அன்னைக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன மாதம், எந்த ஆஸ்பத்திரி, யார் கூட இருந்தார்கள், அழுகுரல் கேட்டதா என்று அவர் சொல்லச் சொல்ல, அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். அவரிடம் வேறு ஒன்றும் இல்லாதபோது அந்தத் தாள்தான் நினைவுப் பொருள். மருத்துவமனைகள் கேஸ் ஷீட்டை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதி. அண்ணிக்கு அது உதவும், பாதம் பதிந்த பக்கத்தை நகல் கேட்டு வாங்கலாம். அம்மாவுக்குக் காலம் கடந்துவிட்டது. ஆனால் அந்தக் குழந்தை உயிரோடு பிறந்து பிறகு இறந்திருந்தால், அந்த ஊர் நகராட்சியிலோ ஊராட்சியிலோ பிறப்பையும் இறப்பையும் பதிந்திருக்கலாம். ஆண்டைச் சொல்லிக் கட்டணம் கட்டினால் பதிவேட்டில் தேடிச் சான்று தருவார்கள். அம்மாவின் பெயருக்கு நேராக அந்தப் பிள்ளையின் பிறந்த தேதி இருக்கிற ஒரு தாளாவது கிடைக்கும்.

பல வாரம் ஆகியும் அண்ணி தூங்காமல், சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். எந்த நேரமும் 14416-ல் டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். அம்மாவும் பேசலாம்.